இரண்டாவது பிரதி

டொக்டர் தர்சினி ஸ்கான் கருவியை ஜெனிற்றாவின் வயிற்றில் ஒரே இடத்தில் வைத்து, சற்றுச் சரித்து, மறுபடி நிமிர்த்திக் கால்மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் போன பெண்களுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே நீள மர வாங்கில் இன்னும் பதினொரு பேர் உட்கார்ந்து காத்திருந்தார்கள். ஜெனிற்றாவுக்கு அது கர்ப்பத்தின் இருபத்திரண்டாவது கிழமை.

"இது எத்தினையாவது பிள்ளை?" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் டொக்டர் கேட்டார்.

"ரண்டாவது, டொக்டர்."

"மூத்தவர் சுகமா இருக்கிறாரோ?"

"இல்லை. ஏழு மாசத்திலை தவறிட்டான்."

"என்ன வருத்தம்?"

"பால் புரையேறினது. நான் படுத்தபடி பால் குடுத்ததாம்."

டொக்டர் இப்போதுதான் திரும்பினார். "குடுத்ததாம் எண்டு சொல்லுறீங்கள். படுத்தபடி குடுத்தனீங்களோ, இல்லையோ?"

மூன்று வருடத்தில் இதை ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை. எல்லோரும் சொன்னார்கள், யாரும் கேட்கவில்லை.

"இல்லை டொக்டர். கதிரையிலை நிமிர்ந்து இருந்துதான் குடுத்தனான்."

"அவர் மூச்சு விடேக்கை சத்தம் வாறதோ?"

ஜெனிற்றா முழங்கையை ஊன்றி எழுந்துவிட்டாள். வயிற்றில் பூசியிருந்த குளிர்ந்த பசை வழிந்து சேலையில் இறங்கியது. மூத்தவன் ஜொயெல் பிறந்த இரண்டாம் கிழமையே அந்தச் சத்தம் தொடங்கியிருந்தது. பால் குடிக்கும்போது கூடும். அழுதால் இன்னும் கூடும். கழுத்தைப் பின்னால் வில்லாக வளைத்துக்கொண்டுதான் நித்திரை கொள்வான். நேராக்கிப் படுக்க வைத்தால் முகம் கறுக்கும். நாலு தடவை மருந்தெடுக்கக் கொண்டுபோனாள். நாலு தடவையும் சளி என்று ஆவி பிடித்துவிட்டு அனுப்பினார்கள். ஐந்தாம் தடவை போவதற்கு அவன் இருக்கவில்லை.

"உங்களுக்கு என்னண்டு தெரியும்?" என்று கேட்டாள்.

டொக்டர் ஒரு தாளை எடுத்துக் கீறிக் காட்டினார். "இருதயத்திலை இருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய் மூச்சுக்குழாய்க்கு ஒரு பக்கத்தாலை வளைஞ்சு கீழை இறங்கவேணும். இந்தப் பிள்ளைக்கு அது ரண்டாப் பிரிஞ்சு, ரண்டு பக்கத்தாலையும் போய், பின்னாலை ஒண்டாச் சேருது. நடுவிலை மூச்சுக்குழாயும் சாப்பாட்டுக்குழாயும் மாட்டுப்பட்டிருக்கு. வயித்துக்குள்ளை பிள்ளைக்கு மூச்சு தேவையில்லை, அதாலை இப்ப பயமில்லை. பிறந்து வளரத்தான் இறுக்கும்."

"சாகுமோ?"

"தெரியாமல் விட்டால் சாகலாம். இப்ப எங்களுக்குத் தெரியும். ரண்டிலை சின்னக் குழாயை வெட்டிக் கட்டிவிட்டால் சுத்து விடுபட்டிடும். கொழும்பிலை செய்வினம். முன்கூட்டியே ஆயத்தமா இருந்தால் பிள்ளை தப்பும்."

"ஜொயெலுக்கும் இதுவோ?"

"இது எப்பவாவது ஒருக்காத்தான், அருமையா வாறது. ஒரே குடும்பத்திலை திரும்ப வாறது அதையும்விட அருமை. ஆனால் இல்லையெண்டும் சொல்லேலாது. அவருக்குப் பிரேத பரிசோதனை செய்தவையோ?"

"செய்தவை."

"அறிக்கையை ஒருக்கா எனக்குக் காட்டுங்கோ."

"அறிக்கை எண்டு எங்களுக்கு ஒண்டும் வரேல்லை, டொக்டர்."

"அப்ப ஆஸ்பத்திரியிலை சட்ட வைத்தியக் கந்தோரிலை கேட்டு எடுங்கோ. நீங்கள் தாய். உங்களுக்குத் தராமல் விடமாட்டினம்."

ஜொயெல் இறந்த அன்று வந்த மரண விசாரணை அதிகாரி மார்க்கண்டு என்ற ஓய்வுபெற்ற மனிதர். பிள்ளையின் வாயோரம் பால் காய்ந்திருந்ததைப் பார்த்தார். "பால் புரையேறியிருக்கலாம். உடம்பை வெட்டிப் பார்த்துத்தான் சொல்லலாம்" என்றார். அவர் சொன்ன 'இருக்கலாம்' ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை. கொழும்புத்துறையில், கடலோரம் வீடுகள் நெருங்கி நின்ற அவர்களுடைய ஒழுங்கைக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்தபோது, ஜெனிற்றா படுத்தபடி பால் கொடுத்துப் பிள்ளையைக் கொன்றவளாகியிருந்தாள். கொண்டுவந்து சேர்த்தது அவளுடைய மாமி லூர்த்தம்மா. சவப்பெட்டியைச் சுற்றி இருந்த பெண்களுக்கு நடுவில் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "நித்திரைதான் அவளுக்குப் பெரிசு, என்ரை பேரனில்லை" என்று லூர்த்தம்மா கத்தியது கடற்கரைவரை கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு கைக்குழந்தை உள்ள பெண்கள் ஜெனிற்றாவின் கையில் பிள்ளையைக் கொடுக்கவில்லை. ஞானஸ்நான வீடுகளில் அவளைச் சமையல் வேலைக்குக் குசினிப் பக்கம் அனுப்பினார்கள். அவளுடைய கணவன் சுரேஸ் மட்டும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தாய் அவளை ஏசும்போது எழுந்து வலையோடு கடலுக்குப் போய்விடுவான். அந்த மௌனத்தை அவள் அன்பென்று நினைத்திருந்தாள். இந்த உலகத்தில் தன்னைக் குற்றம் சொல்லாத ஒரே மனிதன் என்று அவனுக்காகச் செபம்கூடச் செய்திருந்தாள்.

மூன்றாம் நாள் காலை யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறி, அந்தக் கந்தோருக்குத் தனியாகவே போனாள். கனகலிங்கம் என்ற எழுதுவினைஞர் பெயரையும் திகதியையும் வாங்கிக்கொண்டு உள்ளே போய், ஒரு தடித்த பதிவுப் புத்தகத்துடன் வந்தார்.

"தங்கச்சி, இதுக்கு ஏற்கெனவே ஒரு பிரதி குடுத்திருக்கே."

"ஆருக்கு?"

"தகப்பனுக்கு. கையெழுத்து இருக்கு, பாருங்கோ."

புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினார். சுரேசின் கையெழுத்துத்தான். முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டு, மற்றதெல்லாம் ஒரு கோடாக இழுத்துவிடுவான். திகதியைப் பார்த்தாள். ஜொயெலைப் புதைத்து நாலு மாதத்துக்குப் பிறகு.

"அவர் வந்து கேட்டவரோ?"

"நாங்கள்தான் ரெலிபோன் எடுத்துக் கூப்பிட்டனாங்கள். பெரிய டொக்டர் அவரை உள்ளை இருத்தி விளங்கப்படுத்தினவர். எனக்கு நல்ல ஞாபகம், ஏனெண்டால் வெளியிலை வந்து உந்த மரத்துக்குக் கீழை கனநேரம் இருந்தவர். உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

ஜெனிற்றா புத்தகத்தை அவர் பக்கம் திருப்பித் தள்ளினாள். "எனக்கும் ஒரு பிரதி தாங்கோ" என்றாள்.

அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. அன்றே டொக்டர் தர்சினியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். டொக்டர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். பெருநாடி என்ற அந்தப் பெரிய இரத்தக்குழாய் இரண்டு வளைவாகப் பிரிந்து மூச்சுக்குழாயைச் சுற்றியிருந்தது. அந்த இடத்தில் மூச்சுக்குழாய் நசுங்கித் தட்டையாகியிருந்தது. நுரையீரலில் பால் இல்லை. மரணம் பிறவிக் குறையால் நேர்ந்தது. கடைசியில் பேனாவால் எழுதிய இரண்டு வரி: தகப்பனுக்கு விளக்கப்பட்டது, அடுத்த பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இருதயத்தை ஸ்கான் செய்து பார்க்கும்படி சொல்லப்பட்டது.

"திருப்பி வாசியுங்கோ, டொக்டர்."

"எதை?"

"பால் இல்லை எண்டதை."

டொக்டர் வாசித்தார். அவள் அழுவாள் என்று நினைத்து மேசையிலிருந்த, கண் துடைக்கும் கடதாசிப் பெட்டியை அவள் பக்கம் தள்ளி வைத்தார். ஜெனிற்றா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய காது மடல் இரண்டும் சூடேறிக் கொதித்தன.

"இந்தக் கிழமை நீங்கள் லீவிலை நிண்டிருந்தால், டொக்டர்?"

தர்சினி சற்று யோசித்தார். "வேறை ஆரும் பாத்திருப்பினம். இருதயத்திலை நாலு அறையும் சரியா இருக்கு. அதோடை நிப்பாட்டியும் இருப்பினம். இது அதுக்கு மேலை தேடிப் பாத்தால்தான் தெரியும்."

அவள் வீட்டுக்கு வந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. முற்றத்தில் லூர்த்தம்மா பனங்குத்தியில் இருந்து வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். சுரேஸ் எண்ணெய்க் கானைக் கழுவிக்கொண்டு நின்றான்.

"ஸ்கானிலை என்னவாம்? மூண்டு நாளாக் கேக்கிறன், ஒண்டும் சொல்லுறாயில்லை" என்றான்.

ஜெனிற்றா தாளை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இது என்ன?"

அவனுக்கு வாசிக்கத் தேவையிருக்கவில்லை. தாளின் மேலிருந்த முத்திரையைக் கண்டதுமே கானை மெதுவாக நிலத்தில் வைத்தான்.

"ஜெனி, உள்ளை வா. கதைப்பம்."

"உள்ளை வரமாட்டன். என்னைக் கொலைகாரி எண்டு சொன்னது இந்த வீட்டு முத்தத்திலை. இஞ்சையே சொல்லு. உனக்குத் தெரியுமோ, தெரியாதோ?"

அவள் அவனை 'நீ' என்று அழைத்தது அதுவே முதல் தடவை. லூர்த்தம்மா நிமிர்ந்து பார்த்தாள். "என்னடி, புருசனை நீ, வா எண்டு?"

"மாமி, உங்களுக்கும் தெரியுமோ?"

லூர்த்தம்மா சுரேசைப் பார்த்தாள். அந்தப் பார்வை போதும்.

"றெஜினாவுக்குக் கலியாணம் பேசி முடிச்ச மாசம்" என்றான் சுரேஸ். றெஜினா அவனுடைய ஒரே தங்கை. "மாப்பிளை வீட்டுக்காரர் பரம்பரை வருத்தம் துன்பம் எல்லாம் விசாரிச்சுக்கொண்டு திரிஞ்சவை. பிறவிக் குறை எண்டு வெளியிலை போனால் ரத்தத்திலை பழுது எண்டு சொல்லுவினம். அம்மா சொன்னா, கலியாணம் முடியட்டும், பிறகு சொல்லுவம் எண்டு."

"கலியாணம் முடிஞ்சு ரண்டு வருசம்."

"பிறகு என்னண்டு சொல்லுறது எண்டு தெரியேல்லை."

"பால் எண்டால் என்ரை பிழை. பிறவிக் குறையெண்டால் உங்கடை வீட்டுப் பிழை. அதுதானே? என்ரை பிழையெண்டால் ஒருதருக்கும் நட்டமில்லை."

"எடியேய், நடந்தது நடந்து போச்சு" என்றாள் லூர்த்தம்மா. "செத்த பிள்ளை இனி வருமே?"

"வராது மாமி. ஆனால் இது வரப்போகுது." ஜெனிற்றா வயிற்றைத் தொட்டாள். "இதுக்கும் அதேதான். அதே குழாய், அதே சுத்து. ஸ்கானிலை கண்டு பிடிச்சிட்டினம். உங்கடை மகனுக்கு அண்டைக்கே டொக்டர் சொன்னவர், அடுத்த பிள்ளைக்கு முதலே பாக்கச் சொல்லி. இவர் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவர். நான் ஸ்கானுக்குப் போறன் எண்டு வெளிக்கிடேக்கைகூடச் சொல்லேல்லை. அந்த டொக்டர் அம்மா தேடிப் பாக்காட்டி இதையும் நான் ஆவி பிடிக்கக் கொண்டு திரிஞ்சு, இதையும் புதைச்சிட்டு, திரும்பவும் நித்திரைக்காரி எண்டு பேர் வாங்கியிருப்பன்."

சுரேஸ் நின்ற இடத்திலேயே குந்திவிட்டான். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். அதைப் பார்த்தும் அவளுக்கு இரக்கம் வரவில்லை. தன் பிள்ளைக்காக அவன் இப்படி இருந்தது ஒரு மரத்தின் கீழ், அவளுக்குத் தெரியாமல். அவளுடன் சேர்ந்து அழ வேண்டியதையும் அவன் ஒளித்துத்தான் அழுதிருக்கிறான்.

"றெஜினாவுக்கு மட்டும் தெரியவேண்டாம்" என்று லூர்த்தம்மா தணிந்த குரலில் சொன்னாள். "அவள் மூண்டு மாசம். வயித்துப் பிள்ளைக்காரி பயந்து போவாள்."

ஜெனிற்றா அதே சேலையோடு, தண்ணீர்கூடக் குடிக்காமல், ஒழுங்கை முகப்புக்குப் போய் ஓட்டோ பிடித்தாள். "பாசையூர்" என்றாள்.

றெஜினா அங்கே புகுந்த வீட்டில் மாமியாருடன் இருந்து மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். அண்ணியின் முகத்தைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். ஜெனிற்றா ஒன்றையும் மறைக்கவில்லை. மாமியார் இருக்கிறார் என்று குரலைத் தாழ்த்தவுமில்லை. அறிக்கை, திகதி, கையெழுத்து, கலியாணம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"உன்ரை பிள்ளைக்கும் இருக்கும் எண்டு நான் சொல்ல வரேல்லை, றெஜினா. பெரும்பாலும் இராது. ஆனால் டொக்டரிட்டைச் சொல்லி, தேடிப் பாக்கச் சொல்லு. எனக்கு ஒளிச்ச மாதிரி உனக்கும் ஒளிச்சுப்போட்டு நாளைக்கு உன்னையும் நித்திரைக்காரி எண்டு சொல்லுவினம்."

மாமியார் வாய் திறக்கும்முன் றெஜினா கத்தினாள். "என்ரை பேரைச் சொல்லியோ? என்ரை கலியாணத்துக்கெண்டோ? என்னை ஒரு வார்த்தை கேட்டவையே? அண்ணி, நானும் அண்டைக்கு உங்களைக் குத்திப் பேசினனான். பெட்டிக்குப் பக்கத்திலை நிண்டு பேசினனான்."

"ஓம். பேசினனி. எனக்கு ஞாபகம் இருக்கு."

றெஜினா அவளைக் கட்டிப்பிடிக்க வந்தாள். ஜெனிற்றா விலகிக்கொண்டாள். மன்னிக்கும் வேலையை அன்றே முடித்துக் கொடுக்க அவள் ஆயத்தமில்லை. மாமியார் மட்டும் எழுந்து போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "இதைச் சொன்னால் நாங்கள் கலியாணத்தை நிப்பாட்டியிருப்பம் எண்டு உவைக்கு ஆர் சொன்னது? எங்களை ஒருக்காக் கேட்டுப் பாத்திருக்கலாமே" என்றார். பிறகு தனக்கே நேர்மையாக இருக்க விரும்பியவர்போல, "நிப்பாட்டியும் இருப்பம். தெரியாது" என்றார். அன்று முழுவதிலும் அவள் கேட்ட ஒரே உண்மையான பேச்சு அதுதான்.

அன்று பின்னேரம் ஜெனிற்றா குருநகரில் தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். வள்ளத்து எஞ்சின் திருத்தும் செல்வரட்ணம் மகளிடம் ஏனென்று கேட்கவில்லை. அறிக்கையை நீட்டியபோது மட்டும் கை எண்ணெயைத் துடைத்துவிட்டு வாங்கினார். "சுரேசை வரவேண்டாம் எண்டு சொல்லட்டோ?" என்றார். "வரட்டும். கொழும்புக்குப் போக ஆள் வேணும். ரத்தம் குடுக்கவும் வேணும். வேலை செய்யட்டும்" என்றாள்.

அவன் வந்தான். இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னபோது வந்தான். தாய் தகப்பன் இருவரின் இரத்தத்தையும் சோதித்துப் பார்த்ததில் ஒரு பழுதும் பிடிபடவில்லை. எந்தக் குடும்பத்தின் பக்கமும் விரல் நீட்ட இடமில்லை என்று டொக்டர் தர்சினி சொன்னார். ஜெனிற்றாவுக்கு அதைக் கேட்க ஆத்திரம் இன்னும் கூடியது. இல்லாத பழுதைக் காப்பாற்றத்தான் அவளைப் பலி கொடுத்திருந்தார்கள். றெஜினாவின் ஸ்கானும் வந்தது. அவளுடைய பிள்ளைக்கு எல்லாக் குழாயும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

ஜெசிந்தா முப்பத்தெட்டாவது கிழமையில் கொழும்பில் பிறந்தாள். தர்சினி எழுதிக் கொடுத்த கடிதம் அவளுக்கு முன்பே அங்கே போயிருந்தது. பிள்ளை வெளியே வந்தபோது மூச்சுக்கு ஆயத்தமாக மூன்று பேர் நின்றார்கள். மூன்றாம் நாள் சத்தம் தொடங்கியது. ஜெனிற்றா அதைக் கேட்டதும் தாதியின் கையை இறுகப் பிடித்தாள். இந்தத் தடவை யாரும் சளி என்று சொல்லவில்லை. பத்தொன்பதாம் நாள் இடது விலாவில் சிறிதாகத் திறந்து, சின்னக் குழாயை வெட்டிக் கட்டினார்கள். மூன்று மணி நேரம். சத்திரசிகிச்சை செய்தவர் வந்து சிங்களமும் கொஞ்சத் தமிழுமாக, சுற்று விட்டுவிட்டது, ஆனால் நசுங்கிய மூச்சுக்குழாய் நிமிர மாதக்கணக்காகும், அதுவரை சத்தம் இருக்கும், பயப்பட வேண்டாம் என்றார்.

பிள்ளையோடு குருநகருக்குத் திரும்பிய கிழமை லூர்த்தம்மா வந்தாள். ஒரு சின்னச் சங்கிலி கொண்டுவந்திருந்தாள்.

"பிள்ளையை ஒருக்காத் தா, மேளை."

"மாமி, நீங்கள் ஒழுங்கை முழுக்கச் சொன்னதை ஒழுங்கை முழுக்கப் போய்த் திருத்திச் சொல்லுங்கோ. பிறகு வாங்கோ."

"சனத்துக்கு முன்னாலை என்னைத் தலைகுனியச் சொல்லுறியோ?"

"ஓம்."

லூர்த்தம்மா சங்கிலியை மடிக்குள் வைத்துக்கொண்டு கோபத்துடன் போய்விட்டாள். ஆனால் அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு, எட்டு மாத வயிற்றோடு றெஜினா தாயைக் கையில் பிடித்து ஒழுங்கையில் வீடு வீடாகக் கூட்டிப் போனாள். சுரேஸ் பின்னால் போனான். ஒவ்வொரு வாசல் படலையிலும் றெஜினா, "சொல்லுங்கோ அம்மா" என்பாள். லூர்த்தம்மா நிலத்தைப் பார்த்தபடி, "என்ரை பேரன் பால் புரையேறிச் சாகேல்லை. பிறவியிலை வந்த குறை. மருமேளிலை பிழையில்லை. எங்களுக்குத் தெரிஞ்சும் சொல்லேல்லை" என்பாள். கடைசி வசனத்தைத் தாய் விட்ட வீடுகளில் சுரேஸ் சொன்னான்.

அன்று பின்னேரமே சுரேஸ் குருநகருக்கு வந்து இதையெல்லாம் சொன்னான். சனம் என்ன சொன்னது என்று ஜெனிற்றா கேட்டாள்.

அவன் தயங்கினான். "கன பேர், 'அதை இப்ப ஏன் கதைக்கிறியள், அதெல்லாம் ஆர் நினைச்சது' எண்டவை. ரண்டு மூண்டு வீட்டிலை மறந்தே போச்சினம்."

ஜெனிற்றா மடியில் கிடந்த பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். அவர்களுக்கு மறந்துவிட்டதாம். ஆயிரத்துக்கு மேற்பட்ட நாட்கள் அவள் சுமந்து திரிந்தது அவர்கள் வாயிலிருந்து ஒரு பின்னேரத்தில் விழுந்த சொல். விழுத்தியவர்களுக்கு அது நினைவில்லை.

"இனியாவது கோவம் போகாதோ, ஜெனி?" என்று சுரேஸ் கேட்டான்.

"போகாது. அது என்னோடை இருக்கட்டும்." பிள்ளையைத் தூக்கி அவனிடம் நீட்டினாள். "தலையைப் பின்னாலை விடாமல் நிமித்திப் பிடியுங்கோ. நான் இன்னும் சாப்பிடேல்லை."